காம்பாக நின்ற செல்

மலைமேல் இருந்த அந்த ஆய்வகத்துக்குள் மதியத்திலேயே மூடுபனி நுழைந்துவிடும். கண்ணாடிக் குடுவைகளும் செடிகளும் பாலில் மிதப்பதுபோல் தெரியும். செண்பகவல்லி அங்கே முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது வயது நாற்பத்தேழு. வழிகாட்டி ஆரோக்கியமேரி அவளைவிடப் பத்து வயது இளையவள். மாணவி அவளை மேடம் என்பாள். ஆசிரியை மாணவியை அக்கா என்பாள்.

விதைக்குள் முதல் செல் இரண்டாகப் பிரிகிறது. மேல்செல் செடியாகிறது. கீழ்ச்செல் காம்பாக நீண்டு, மேலே உள்ள கருவைத் தாங்கி, ஊட்டி, கடைசியில் கரைந்துபோகிறது. கீழ்ச்செல்லுக்கு "நீ காம்பு" என்ற செய்தியைக் கைமாற்றிவிடுவது கைனேஸ் வகைப் புரதம் ஒன்று. அதன் மரபணு பழுதான செடிகளைத்தான் செண்பகவல்லி வளர்த்தாள். அவற்றில் காம்பு சரியாக நீளவில்லை. தாங்க ஆளில்லாத கருக்கள் சுருங்கிப்போயின.

அன்று காலை கனடாவிலிருந்து தம்பி அழைத்திருந்தான். குழந்தை பிறந்திருக்கிறது, அக்கா வந்து கூடவே இருக்க வேண்டும் என்றான். அப்பா போன பிறகு கல்லூரியை விட்டுவிட்டு அவனைப் படிக்கவைத்தவள் அவள்தான். வருகிறேன் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"மேடம், ரெண்டு செல்லுக்கும் ஒரே மரபணுக்கள்தானே? காம்பானதும் கீழ்ச்செல்லுக்குச் செடியாகிற திறமை அழிஞ்சுபோயிடுமா?"

ஆரோக்கியமேரி வேறொரு விதையை எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்துக் காட்டினாள். கரு பட்டுப்போயிருந்தது. கரைந்திருக்க வேண்டிய காம்பின் நுனியில் செல்கள் புதிதாகப் பிரிந்து, குட்டி உருண்டையாகத் திரண்டிருந்தன.

செண்பகவல்லி வெகுநேரம் பார்த்தாள். கண்ணாடிக்குள்ளும் பனி இறங்கிவிட்டதுபோல் இருந்தது. குரல் தணிந்து கேட்டாள்.

"மேல இருக்கிறது செத்தாத்தான் இதுக்கு வழியா, மேடம்?"

ஆரோக்கியமேரி எழுந்து பனிக்குள் போனாள். சற்று நேரம் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் சிறு தொட்டி. அதில் வேறொரு மரபணு மாறிய செடியின் விதை. ஒரே விதைத்தோலைப் பிளந்துகொண்டு இரண்டு முளைகள் எழுந்திருந்தன. இரண்டும் பச்சை.

செண்பகவல்லி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். வித்தியாசம் தெரியவில்லை.

"இதுல எது மேடம் காம்பா இருந்தது?"

"முளைச்ச பிறகு அதை யாரு கேக்கப்போறாங்க, அக்கா?"