பரணில் தூங்கிய வில்

ஒரு ஊர்ல ஒரு வில்லு இருந்துச்சாம். அந்த வில்லு பகலும் ராத்திரியும் பரண் மேல படுத்துத் தூங்கிட்டே இருந்துச்சாம்.

என்ன சிரிக்கிறே? வில்லு தூங்குமான்னா? கெம்பன்னு ஒருத்தனும் அதையேதான் கேட்டான். கேளு சொல்றேன். ம் கொட்டணும், ஆமா.

மலை மேல ஒரு சின்ன ஊரு. அங்க செவணன்னு ஒருத்தன். வில்லு செய்யறவன். அவன் பொண்டாட்டி பேரு ரங்கி. ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்ல இருந்து கட்டிக்கிட்டு வந்தவ. கல்யாணத்தப்போ ரங்கியோட அண்ணன் கெம்பன்கிட்ட செவணன் ஒரு வாக்கு குடுத்திருந்தான். "மச்சான், உங்களுக்கு என் கையால ஒரு வில்லு செஞ்சு தர்றேன்"னு.

அப்புறம் அந்த வருசம் என்னாச்சு, கெம்பனோட சாமைக் காட்டுல பன்னி பூந்துருச்சு. காட்டுப்பன்னி! உர்ர்ர், உர்ர்ர்னு வந்து பாதிக் காட்டை உழுது போட்டுட்டுப் போயிருச்சு. மிச்சம் பாதியையாவது காப்பாத்தணுமே! ஓடி வந்தான் தங்கச்சி வீட்டுக்கு.

"மாப்ள, வில்லு எங்க?"

செவணன் பரணைக் காட்டினான். "தூங்குது மச்சான்."

"தூங்குதா? எழுப்பு."

"அமாவாசை அன்னிக்குத்தான் தணல்ல வாட்டினேன். நிலா பாதி ஆகட்டும். அது வரைக்கும் தொடக் கூடாது."

அவ்ளோதான் சொன்னான். செவணன் வாயில இருந்து வார்த்தைய வாங்கறது, பாறையில தண்ணி எடுக்கற மாதிரி.

கெம்பன் எப்படிப்பட்டவன் தெரியுமா? மழை பேஞ்சா, மேல யாரோ நின்னு ஊத்தறாங்களோன்னு அண்ணாந்து பார்க்கறவன். அவன்கிட்ட போய் வில்லு தூங்குதுன்னா? "சரி மாப்ள"ன்னான். சொல்லிட்டு ஒரு கண்ணாலயே பரணைப் பார்த்தான்.

ம் சொல்லு. ஆங்.

மறுநாள் செவணன் தேனெடுக்கப் போயிட்டான். கெம்பன் பரண்ல ஏறினான். மெல்ல மெல்ல. வில்லைக் கையில எடுத்தான். என்னடா இது, காஞ்ச சுரைக்குடுக்கை மாதிரி லேசா இருக்கு? தட்டிப் பார்த்தான். டொக், டொக். "பூச்சி அரிச்ச கட்டை! எனக்குப் போய் இதையா செஞ்சு வெச்சிருக்கான்?"

ரங்கி சொன்னா, "அண்ணே, அப்படியெல்லாம் இருக்காது, கீழ எறங்கு."

ரெண்டு நாள் கழிச்சு மறுபடி ஏறினான். எடுத்தான். இப்ப கனமா இருக்கு! "ஏ ரங்கி, வில்லை மாத்திட்டான்டி உன் புருசன்! இது வேற வில்லு!"

"அதே நீளம், அதே தடச மரம், அதே கறுப்பு. எப்படிண்ணே மாறும்?" ரங்கி கேட்டா. ஆனா மனசுல ஒரு முள்ளு விழுந்துருச்சு.

மூணாவதா ஒண்ணைப் பார்த்தது கெம்பன் இல்ல. ரங்கிதான் பார்த்தா. விடியக்காலைல செவணன் தானியம் கொட்டற குதிருக்குப் பின்னால இருந்து வர்றான். கைத் தூசியத் தட்டிக்கிட்டு வர்றான். "அங்க என்ன பண்றே?"ன்னு கேட்டா. "ஒண்ணுமில்ல"ன்னான். ஒண்ணுமில்லன்னு ஒருத்தன் அவ்ளோ வேகமாச் சொன்னா என்ன அர்த்தம்? என்னமோ இருக்குன்னு அர்த்தம். முள்ளு இன்னும் கொஞ்சம் உள்ள போச்சு.

அன்னிக்கு மத்தியானம் கெம்பனுக்குப் பொறுக்கல. "அங்க பன்னி என் காட்டத் தின்னுட்டு இருக்கு. இங்க நான் களி தின்னுட்டு இருக்கேன்"னு பரண்ல இருந்த வில்லைக் கீழ இறக்கினான். நாணை மாட்டினான். ரங்கி "வேணாண்ணே, வேணாம்"னு கையப் புடிச்சா. உதறிட்டு இழுத்தான். கிர்ர்ர்... விட்டான். டொய்ய்ங்!

வில்லுக்கு ஒண்ணுமே ஆகல.

"பாத்தியா? நல்லாத்தானே இருக்கு? தூங்குதாம்! ஊரை ஏமாத்தறவன் வீட்ல என் தங்கச்சி இருக்க வேணாம். துணிய மூட்டை கட்டு."

ரங்கி மூட்டை கட்டினா. கட்டும்போது குதிர்ப் பக்கமே பார்த்துக்கிட்டிருந்தா.

தூங்கிட்டியா? இல்ல? அப்போ கேளு.

செவணன் வந்தான். வாசல்ல மூட்டை. மூட்டை பக்கத்துல பொண்டாட்டி. அவ பக்கத்துல வில்லோட மச்சான். அவனுக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு.

"அது என் பழைய வில்லு"ன்னான்.

"என்னது?"

"மச்சான் வந்த மறுநாளே வில்லு மேல விரல் தடம் பார்த்தேன். பழசை எடுத்துப் புகை காட்டி அங்க வெச்சேன். புதுசைக் குதிருக்குப் பின்னால ஒளிச்சிட்டேன்."

கெம்பன் துள்ளினான். "மாத்திட்டான்னு நான் சொன்னேனா இல்லையா!"

ஆனா ரங்கி அண்ணனைப் பார்க்கவே இல்ல. புருசனைப் பார்த்தா. "அண்ணன்கிட்ட ஒளிச்சே, சரி. என்கிட்டயும் ஏன் ஒளிச்சே?"

செவணன் வாசப்படியில உக்காந்தான். அப்புறம் சொன்னான். "எங்கப்பாவுக்கு ஒரு கண்ணு முள்ளு குத்திப் போச்சுன்னு சொன்னேன்ல? முள்ளு இல்ல. நான் செஞ்ச மொத வில்லு. காலைல தணல்ல வாட்டினேன், சாயங்காலமே அவர் கையில குடுத்துட்டேன். அவசரம். இழுத்தாரு. படீர்னு ரெண்டாப் போச்சு. உடைஞ்ச மரச்சிம்பு கண்ணுல ஏறிருச்சு. இது தெரிஞ்சா நீ என்ன நெனைப்பியோன்னு..."



கெம்பன் கையில இருந்த வில்லை மெதுவாக் கீழ வெச்சான். இருந்தாலும் கெம்பன் கெம்பன்தானே! "வாட்டினா கட்டை கெட்டியாகும்ல? அது ஏன் உடையுது?"ன்னான்.

உனக்குச் சொன்னாப் புரியும். சுட்ட அப்பளத்தைத் தொட்டா என்னாகும்? நொறுங்கும். அதையே வெளிய வெச்சிட்டா? நமுத்துப் போகும். எப்படி? காத்துல இருக்கற ஈரத்தைக் குடிச்சிருது. வில்லும் அப்படித்தான். தணல்ல வாட்டினதும் உள்ள இருக்கற ஈரமெல்லாம் ஓடிரும். உடனே வளைச்சா உடையும். சும்மா படுக்கப் போட்டா, வேணுங்கற ஈரத்தை அதுவாக் கொஞ்சம் கொஞ்சமாக் குடிச்சுக்கும். அதைத்தான் செவணன் தூக்கம்னு சொன்னான்.

அப்போ ரங்கி எந்திரிச்சா. குதிருக்குப் பின்னால போனா, புது வில்லை எடுத்தா. "நீ இவனை நம்பல. இவன் உன்னை நம்பல. ரெண்டு பேரும் என்னைய ஒரு வார்த்தை கேக்கல. இனி வில்லு என்கிட்ட இருக்கும். எங்கன்னு கேக்கக் கூடாது"ன்னா. எங்கயோ கொண்டுபோய் வெச்சிட்டா.

அப்புறம் என்ன! இப்ப ரெண்டு பேருக்கும் ரங்கி மேல சந்தேகம். அடுப்புல போட்டுட்டாளோ? ஆத்துல விட்டுட்டாளோ? செவணன் கூரைல தேடினான், ஒரே தூசி. அச்சு! கெம்பன் கோழிக் கூட்டுல கைய விட்டான், கொத்து வாங்கினான். ஆஆ! ரெண்டு பேருமா ஆட்டுப்பட்டில தேடினாங்க, கெடா முட்டித் தள்ளுச்சு. அந்த ஆட்டுப் புழுக்கையில உக்காந்துக்கிட்டே கெம்பன் கேட்டான், "மாப்ள, உங்கப்பா உன்னைத் திட்டினாரா?"

"இல்ல மச்சான். ஒரு வார்த்தை திட்டல."

"அதான் உனக்கு இன்னும் வலிக்குது"ன்னான் கெம்பன். செவணன் தலைய ஆட்டினான்.

அப்புறம் நிலா பாதி ஆச்சு. மறுநாள் வெயில் ஏறினதும் ரங்கி வில்லோட வந்து முத்தத்துல நின்னா.

"இழுண்ணே."

கெம்பன் பின்னால போனான். "மாப்ள இழுக்கட்டும்."

செவணன் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டான். "என்னால முடியாது."

"சரி"ன்னு அவளே நாணை மாட்டினா. மொதல்ல ஒரு சாண் இழுத்தா. கிர்ர். விட்டா. அப்புறம் ஒரு முழம். கிர்ர்ர்ர். ரெண்டு பேருக்கும் மூச்சே இல்ல. அப்புறம் காது வரைக்கும் இழுத்தா. கிர்ர்ர்ர்ர்ர்...

டொய்ய்ங்ங்ங்!

செவணன் ஒரு கண்ணை மட்டும் தெறந்தான். வில்லு முழுசா இருந்துச்சு. ரங்கி முகமும் முழுசா இருந்துச்சு. அவன் அப்படியே தரையில உக்காந்து அழுதான்.

கெம்பன் வில்லை எடுத்துக்கிட்டு அன்னிக்கே ஆத்தைத் தாண்டிட்டான். பன்னி திரும்ப வந்துச்சு. விர்ர்ர்! அதுக்கப்புறம் அந்தச் சாமைக் காட்டுப் பக்கம் எதுவும் வரல. மிச்சம் நின்ன சாமைய வீடு கொண்டு சேர்த்தான்.

இங்க செவணன் பொண்டாட்டி பக்கத்துல வந்து உக்காந்தான். "ரங்கி, எங்கதான் ஒளிச்சு வெச்சிருந்தே?"

"என்னைய நம்பறியா?"

"நம்பறேன்."

"நம்பறவன் எதுக்குக் கேக்கறே?"ன்னா ரங்கி.

செவணன் அதுக்கப்புறம் சாகற வரைக்கும் கேக்கல.

எங்கயா? எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? அவ யார்கிட்டயும் சொல்லலையே. வில்லும் முழிச்சிருச்சு, கதையும் ஓஞ்சு போச்சு. இனி உன் முறை. கண்ணை மூடு, தூங்கு.