சிங்கமார்பனுக்கு ஏழாம் பிறவி

"நீங்க எனக்காக ராஜாகிட்ட கெஞ்சக் கூடாது. என் கூத்தை அரண்மனை அரங்குல ஆடணும்னு நானே கேட்பேன்."

"உன்னைப் பேச விடணுமே, குழல்மொழி! சடையப்பர் வாசல்லயே மடக்கிடுவாரே!"

"மடக்கட்டும். ஒரு நாள் வழி பொறக்கும்."

ராஜாக்கள் நினைத்ததெல்லாம் சட்டமாக இருந்த காலத்தில், ஒரு நாட்டின் விகடகவி வேம்பனும் அவன் மனைவியும் பேசிக்கொண்டது இது. அந்தப் பேச்சை வேம்பன் மறக்கவே இல்லை. அவளைப் போலக் கூத்து எழுத இந்த நாட்டிலேயே ஆளில்லை என்பது அவன் கட்சி.

ஆனால் அரண்மனையில் ஆண்டுதோறும் ஒரே கூத்துதான். ராஜா இளவரசராக இருந்தபோது ஊர்த் திருவிழாவில் பார்த்துச் சொக்கிப்போன 'சிங்கமார்பன்'. அரங்க அதிகாரி சடையப்பர் அதை விடவில்லை. 'சிங்கமார்பன் மகன்' போட்டார். 'சிங்கமார்பன் மறுபிறவி' போட்டார். அப்புறமும் நிற்காமல் போய், கடைசியில் 'சிங்கமார்பன் தாய்மாமன் சபதம்'. தாய்மாமன் சபதம் போடுகிற கட்டத்தில் ராஜா வாய்விட்டுக் கொட்டாவி விட்டார்.

"சடையப்பரே, அன்று எனக்குப் புல்லரித்ததே! இன்று ஏன் தூக்கம் வருகிறது?"

"குற்றம் கதையில் இல்லை, மன்னா. பழைய கூத்தையே திரும்ப ஆட வேண்டும். வேம்பனார்தான் பெரிய கெட்டிக்காரர் ஆயிற்றே, அவரிடம் ஒப்படையுங்கள்" என்றார் சடையப்பர். வேம்பனைக் கவிழ்க்க நல்ல குழி என்று அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி.

ராஜா திரும்பினார். "வேம்பா, நான் முதன்முதலில் கூத்துப் பார்த்த அந்த நாள் அப்படியே திரும்ப வேண்டும். அணுவளவும் மாறக் கூடாது. எனக்குப் புல்லரிக்க வேண்டும். இல்லையேல் இந்தச் சபையில் உனக்கு இடமில்லை."

"அப்படியே ஆகட்டும், அரசே. என் ஏற்பாட்டில் யாரும் தலையிடாதிருக்க ஆணையிடுங்கள்."

ஆணை பிறந்தது. வேம்பன் வீட்டுக்கு ஓடினான்.

"ராஜா முன்னால ஆட வழி நான் பிடிச்சிட்டேன். அரங்கத்தைக் கேட்கிறது உன் பாடு."

குழல்மொழி முந்தானையை இழுத்துச் செருகினாள். "ஆட்களைக் கூப்பிடுங்க. ஒத்திகை பார்க்கணும்."

திருவிழா அன்று பொழுது சாய, அதே பழைய ஊர்த் திடலுக்கு ராஜா வந்தார். சிம்மாசனத்தைக் காணோம்.

"அன்று தாங்கள் மணலில்தான் அமர்ந்தீர்கள், அரசே. தலையில் கிரீடமும் இல்லை" என்றான் வேம்பன்.

ராஜா கிரீடத்தைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்தார். அன்று முன்பின் தெரியாத பெண்ணாகப் பக்கத்தில் இருந்தவள்தான் இன்றைய ராணி.

"அன்னிக்கு நீங்க என் காலை மிதிச்சீங்க" என்றாள் ராணி மெல்ல.

"எதுவும் மாறக் கூடாதே!" என்று ராஜா லேசாக மிதித்தார்.

சடையப்பர் கையில் வேம்பன் ஒரு தீப்பந்தத்தைத் திணித்தான். "நான் அரங்க அதிகாரி!" என்று அவர் குதித்தார்.

"அன்று பந்தம் பிடித்தவர் தாங்கள்தானே, ஐயா?"

மத்தளம் முழங்கியது. இருவர் பிடித்திருந்த திரை விலகியது. சிங்கமார்பன் இல்லை. துடுப்போடு ஓர் ஓடக்காரி நின்றாள். ஆற்றில் வெள்ளம். கரையில் அவள் காதலன், அவன் பின்னாலேயே அவனைப் பிடிக்க வந்த காவலன். அந்தக் காவலன் அவளுடைய சொந்த அண்ணன். ஓடத்தில் இன்னும் ஒருவருக்குத்தான் இடம். கரையோ இடிந்துகொண்டிருக்கிறது.

"ஐயோ, யாரை ஏத்துவா?" என்று ராணி ராஜாவின் கையைப் பிடித்தாள்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"மோசடி!" என்று சடையப்பர் கத்தினார். "சிங்கமார்பன் எங்கே?"

வேம்பன் வணங்கினான். "அரசே, அன்று தாங்கள் பார்த்தது அதுவரை யாரும் பார்த்திராத கூத்து. சிங்கமார்பனை இன்று ஆடினால் அது ஊரே பார்த்துச் சலித்த கூத்தாகிவிடும். அணுவளவும் மாறக் கூடாது என்றீர்களே!"

ராஜா தன் கையைப் பார்த்தார். ரோமங்கள் குத்திட்டு நின்றன. மணலில் சாய்ந்து விழுந்து சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி வேம்பனுக்குப் போட்டார்.

"சடையப்பரே, பந்தம் சாய்கிறது, நிமிர்த்திப் பிடியும்! வேம்பா, இதை எழுதியது யார்?"

வேம்பன் வழிவிட்டு ஒதுங்கி நின்றான். திரைக்குப் பின்னாலிருந்து அவன் மனைவி நிமிர்ந்த தலையோடு ராஜாவின் எதிரே வந்து நின்றாள்.

"நான் எழுதினேன், மன்னா. என் பெயர் குழல்மொழி. என் கூத்து தங்கள் அரங்கில், என் பெயர் சொல்லி, முழுவதுமாக அரங்கேற வேண்டும்."