ஐந்து மணிக்குள் ஒரு கையெழுத்து

மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போடும் நேரத்தில் பொங்கியண்ணன் மடத்துக்கு வந்து சேர்ந்தார். செருப்பைக் கழற்றினாரே தவிர, எங்கே கழற்றினார் என்று அவருக்கே தெரியாது. சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த காகிதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

அவர் நூல் மில் தொழிலாளி. முப்பது வருஷமாக அதே மில், ஆறு வருஷமாகத் தொழிற்சங்கச் செயலாளர். மில் வாசலில் அவர் பேச ஆரம்பித்தால் முதலாளியின் கார் டிரைவர்கூட வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கேட்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் மடத்துத் தலைவி சரசாத்தாள் முன்னால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அந்த அம்மா அவரைவிடப் பதிமூன்று வயது இளையவர். அதனால் என்ன? ஒன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, "அம்மா" என்று வாய் நிறையக் கூப்பிட்டுவிட்டுப் போகிறார்.

ஆனால் அன்று செவ்வாய்க்கிழமை.

"என்னங்க, கிழமை மாறிப் போச்சுங்களா?" என்றார் சரசாத்தாள், வாழை இலைகளைக் கழுவிக்கொண்டே.

"அஞ்சு மணிக்குள்ள ஒரு கையெழுத்துப் போடோணும்ங்கம்மா. போடலாமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லோணும்."

"எதுல?"

பொங்கியண்ணன் காகிதத்தைப் பிரித்துக் காட்டினார். வியர்வையில் ஓரம் நைந்திருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கத் தேர்தல். அவர் மறுபடியும் செயலாளர் பதவிக்கு நிற்கிறார். தேர்தல் அறிவிப்பு ஒட்டிய நாளிலிருந்து ஓட்டுப் போடும் நாள்வரை வேட்பாளர் யாரும் வாக்காளருக்கு ஒரு டீகூட வாங்கித் தரக்கூடாது. பொதுத் தேர்தலுக்கு நாட்டில் உள்ள சட்டம்தான். போன தடவைக்கு முந்தின தடவை எதிரணி வீடு வீடாக வெள்ளிக் குங்குமச் சிமிழ் கொடுத்தபோது கொதித்துப் போய், அந்தச் சட்டத்தைச் சங்க விதிக்குள்ளும் கொண்டுவரச் செய்தவர் வேறு யாருமில்லை, இதே பொங்கியண்ணன்தான். இப்போது அறிவிப்பு ஒட்டிய எட்டாம் நாள் அவரே இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குத் தூசி தடுக்கும் முகக்கவசம் கொடுத்திருக்கிறார். எதிரணி சும்மா இருக்குமா? புகார் போய்விட்டது.

தேர்தலை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற நீதிபதி. பொங்கியண்ணன் மேல் அவருக்கு நல்ல அபிப்பிராயம். 'வாக்கை எதிர்பார்த்து இவற்றைக் கொடுக்கவில்லை என்று உறுதி கூறுகிறேன்' என்று ஒரே வரியைத் தட்டச்சு செய்து கொடுத்து, கீழே கையெழுத்துப் போட்டால் நம்புகிறேன், போடாவிட்டால் பெயரை நீக்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

"எம் பேரை அடிச்சுட்டா சென்னியப்பன் போட்டியில்லாம வந்துருவானுங்க. அவன் நிர்வாகத்தோட ஆளு. அடுத்த மாசம் கூலி ஒப்பந்தம் பேசறாங்க. அவன் போய் உக்காந்தான்னா மூணு வருஷத்துக்கு எல்லாரும் வாயைக் கட்டிக்கோணும்."

பையில் செல்போன் அதிர்ந்தது. சங்கத்து ஆட்கள்தான். எடுக்காமல் அமுக்கினார்.

"எதுக்குக் கொடுத்தீங்க?" என்று கேட்டார் சரசாத்தாள்.

"எங்கண்ணன் பஞ்சுத் தூசியிலதாங்கம்மா செத்தான். கடைசி ஒரு வருஷம் படுக்கவே முடியாது அவனால. செவுத்துல சாஞ்சு உக்காந்தே தூங்குவான். நிர்வாகத்துக்கிட்ட நல்ல கவசம் கேட்டு மூணு வருஷமாச்சு. தர்றாங்களா? சரி, நம்மளே வாங்கிக் கொடுத்துரலாம்னு..."

சொல்லும்போதே குரல் கம்மியது. அது நடிப்பில்லை. அண்ணனை நினைத்தால் அவருக்கு எப்போதுமே அப்படித்தான்.

"யார் யாருக்குக் கொடுக்கறதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"வாக்காளர் பட்டியல் இருந்துச்சுங்களே. ஆரும் விட்டுப் போயிரக் கூடாதுன்னு அதை வச்சே ஒவ்வொரு பேரா டிக் அடிச்சோம்."

"பத்துச்சுங்களா?"

"மிச்சமே ரெண்டு பெட்டி வீட்ல கெடக்குதுங்க."

சரசாத்தாள் தலையை ஆட்டிக்கொண்டார்.

"உக்காருங்க. சாப்பிட்டுப் பேசலாம்."

"நேரமாகுதுங்கம்மா..."

"மணி ஒண்ணுதான ஆகுது."

மடத்தில் தங்கியிருப்பவர்கள் பதினோரு பேர். எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பொங்கியண்ணன் கடைசி இலையில் உட்கார்ந்தார். அரிசியும் பருப்பும் சாதம் வந்தது, தயிர் வந்தது. அவருக்கு எதுவும் இறங்கவில்லை. பெயரை அடித்துவிட்டால் நாளைக்கு மில் வாசலில் எந்த முகத்தோடு நிற்பது என்ற நினைப்பே சோற்றோடு சேர்ந்து வாய்க்குள் சுழன்றது.

அப்போது சரசாத்தாள் ஒரு தூக்குப்போசியோடு வந்தார். உள்ளே கச்சாயம். வெல்லமும் ஏலக்காயும் மணக்க, சுடச்சுட. மடத்தில் இனிப்பு செய்வதே அபூர்வம். வரிசையில் ஒவ்வோர் இலையிலும் ஒரு கச்சாயத்தை வைத்துக்கொண்டே வந்தார். பதினோராவது இலைக்கு வைத்தார். பொங்கியண்ணன் தயிரை ஒதுக்கி இடம் பண்ணினார். சரசாத்தாள் அவரைத் தாண்டிப் போய்ப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார்.

மறந்திருப்பார் என்று பொங்கியண்ணன் நினைத்தார். சிரிக்கப் பார்த்தார். பக்கத்து இலைக்காரர் கச்சாயத்தைப் பிட்டு வாயில் போட்டார். ஐம்பத்து நான்கு வயது ஆளுக்கு, வேலை நிறுத்தத்தில் தடியடி வாங்கியபோதுகூடக் கலங்காத ஆளுக்கு, ஒரு கச்சாயம் கிடைக்காதது பொறுக்கவில்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டே விட்டார்.

"அம்மா, எனக்குங்க?"

"உங்களுக்கா?" சரசாத்தாள் அவரை நேராகப் பார்த்தார். "வர்ற வெள்ளிக்கிழமை இவங்க பதினோரு பேரும் பானையில புளியங்கொட்டை போடுவாங்க. நான் இன்னொரு வருஷம் தலைவியா இருக்கறதா, இறங்கறதான்னு. வருஷா வருஷம் நடக்கறதுதானே, உங்களுக்குத் தெரியாததா? உங்களுக்கு இங்க ஓட்டு இல்லைங்களே."

பதினோரு பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். கடித்த கச்சாயத்தை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

"பாத்திரத்துல இன்னும் இருக்குதுங்களே" என்றார் பொங்கியண்ணன். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"இருக்குதுங்க. மிச்சம்."

அவருக்குக் காத்தாயியின் ஞாபகம் வந்துவிட்டது.

மில்லில் பஞ்சுக் கழிவைக் கூட்டிப் பெருக்குகிற ஒப்பந்தக் கூலிப் பெண்கள் முப்பத்தைந்து பேர் உண்டு. சங்கத்தில் உறுப்பினர் இல்லை, பட்டியலில் பெயர் இல்லை. தூசி முதலில் ஏறுவது அவர்கள் மூக்கில்தான். கவசம் கொடுத்த அன்று சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, விளக்குமாறும் கையுமாக ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். காத்தாயிதான் கேட்டாள், "எங்களுக்குங்கண்ணா?" என்று. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்க காண்ட்ராக்டர்கிட்டக் கேளுங்க ஆத்தா" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரை டிக் அடித்தார்.

பொங்கியண்ணனுக்கு முகமெல்லாம் எரிந்தது. அவமானத்தில் இலையை விட்டு எழுந்துவிட்டார். எழுந்த வேகத்திலேயே அவருக்கு ஒரு வழியும் தோன்றியது.

"தப்புத்தானுங்கம்மா. ஒத்துக்கறேன். இப்பவே போறேன். அந்த ரெண்டு பெட்டியையும் எடுத்துட்டுப் போயி அந்தப் பொம்பளைங்களுக்குக் கொடுத்துர்றேன். அவங்களுக்கு ஓட்டே இல்லைங்களே! அப்பறம் கையெழுத்துப் போட்டா அது பொய்யாகாதுங்களே?"

"கொடுங்க" என்றார் சரசாத்தாள். "நல்ல காரியம்."

பொங்கியண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து, காகிதத்தை வெளியே எடுத்து, சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.

"அந்தக் கவசம் எத்தனை நாளைக்குங்க வரும்?"

"ஆறு மாசம் வரும்ங்க. அதுக்கு மேல தூசி அடைச்சுக்கும்."

"தேர்தல்ல தோத்துட்டீங்கன்னு வைங்க. ஆறு மாசம் கழிச்சு எல்லாருக்கும் மறுபடி வாங்கிக் கொடுப்பீங்களா?"

"தோத்ததுக்கப்பறம் நான் எதுக்குங்கம்மா கொடுக்கோணும்?"

படக்கென்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. திருத்திச் சொல்ல வாயைத் திறந்தார். செல்போன் மறுபடி அதிர்ந்து, அதிர்ந்து, தானே அடங்கியது.

சரசாத்தாள் அவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கினார். நைந்துபோன ஓரத்தை நீவிவிட்டு, தட்டச்சு செய்த பக்கத்தைக் கவிழ்த்து, வெறும் பக்கத்தை மேலே வைத்து அவரிடமே நீட்டினார்.

"இப்பச் சொன்னீங்களே, அதை இதுல எழுதுங்க. எழுதிட்டு, தாராளமாக் கையெழுத்துப் போடுங்க."