எகிப்து மாலையின் முதல் மணி

கடல் கடந்து மரக்கலங்கள் வந்துபோன முன்னொரு காலத்தில், ஒரு துறைமுக நாட்டைச் செண்பகமாறன் என்ற அரசன் ஆண்டுவந்தான். எகிப்து தேசத்து வணிகன் ஒருவன் அவனுக்கு ஒரு மணிமாலையைக் காணிக்கையாகக் கொடுத்தான். செக்கச்செவேலென்று சூதுபவளம், ஊதா நிறத்தில் செவ்வந்திக்கல், மயில் கழுத்து நிறத்தில் பெயர் தெரியாத ஏதோ ஒரு கல், எல்லாம் கலந்து கோத்த மாலை. அந்நாட்டுப் பழைய அரசி ஒருத்தி அணிந்ததாம். அதில் கொக்கியும் இல்லை, முடிச்சும் கண்ணில் படவில்லை.

அதை உருட்டி உருட்டிப் பார்த்த அரசன் ஒருநாள் சபையில் கேட்டான்: "இதில் முதல் மணி எது?"

புலவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். மந்திரி உக்கிரசேனருக்கோ பாயசம் குடித்தது போலிருந்தது. எதற்கெடுத்தாலும் அரசன் விகடகவி தேனப்பனையே கூப்பிடுவதில் அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல்.

"மன்னர் பெருமானே! தேனப்பனார் சொல்லட்டும். நூலை அறுக்கக் கூடாது. சொல்லத் தவறினால் நாட்டை விட்டே போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்!" என்றான் அரசன்.

தேனப்பன் மாலையை உற்றுப் பார்த்தான். வட்டமான மாலையில் முதல் ஏது, முடிவு ஏது? வீட்டில் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. அவளை அழைத்துக்கொண்டு எங்கே போவான்? மாலையைக் கையில் வாங்கியபடி மந்திரியைப் பார்த்தான். சிரிப்பை அடக்கமாட்டாமல் அவர் மீசை துடித்துக்கொண்டிருந்தது. சட்டென்று ஒரு வழி தோன்றியது.

"சொல்கிறேன், பிரபு. அதற்குமுன் ஒரு சங்கதி. இதில் மொத்தம் நூறு மணிகள். அடியேன் பார்த்தவுடனே கண்டுகொண்டேன்."

"பொய்!" மந்திரி துள்ளி எழுந்தார். "அறுபதுகூடத் தேறாது. கொடும் இங்கே, எண்ணிக் காட்டுகிறேன்!"

மாலையைப் பிடுங்கி, ஒரு சிவப்பு மணியில் விரலை வைத்து, சபை அதிர, "ஒன்று!" என்றார்.

"போதும், சுவாமி!" தேனப்பன் கும்பிட்டான். "பிரபு, முதல் மணி அதுதான். மந்திரியாரே தம் வாயால் சொல்லிவிட்டார்."

"இதென்ன அக்கிரமம்! நான் எந்த மணியிலிருந்து வேண்டுமானாலும் தொடங்கியிருப்பேனே!"

"தொடங்கியது அதிலிருந்துதானே? இல்லை, முதல் மணியை விட்டுவிட்டா தாங்கள் ஒன்று என்று எண்ணினீர்கள்?"

மந்திரியின் விரல் அந்த மணியிலேயே ஒட்டிக்கொண்டது. எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்த சிரிப்பில் கிரீடம் ஒரு பக்கமாகச் சரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நீட்டினான்.

தேனப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "இதில் முதல் முத்து எது என்று கேட்கமாட்டேன் என வாக்குக் கொடுங்கள், பிரபு. உடனே வாங்கிக்கொள்கிறேன்."

வாக்குக் கொடுக்க அரசனால் வாயைத் திறக்க முடியவில்லை. மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது.