குழாயைத் திறந்த அதிகாரி

அரசு மானியத்தில் நடக்கும் ஒரு கடலோரக் கிராம வானொலியில் மரியபுஷ்பம் அறிவிப்பாளர். தெருக்குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை என்று தினமும் சொல்லிவந்தாள்.

அதிகாரி திருமேனிநாதன் விறைப்பாக வந்து நின்றார். "எங்க மானியத்தை வாங்கிக்கிட்டு எங்களையே குறை சொல்றியா? தண்ணி கொட்டுதுன்னு இப்பவே சொல்லு. இல்லன்னா நிலையத்தைப் பூட்டிருவேன்."

"சொல்லிருதேன் சார்" என்று மைக்கைப் பிடித்தாள்.

"நேயர்களே, குழாயில தண்ணி கொட்டுதுன்னு அதிகாரி ஐயா சொல்லுதாக. அவுகளே வந்து திறந்துவிடுவாக. குடத்தோட ஓடியாங்க!"

ஊரே குழாயடியில் கூடிவிட்டது. வேறு வழியில்லாமல் அதிகாரி திருகினார். காற்றுதான் புஸ்ஸென்று வந்தது. ஒருத்தி தன் காலிக் குடத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இனி உள்ளதையே சொல்லும்மா. நாளைக்கு லாரியில தண்ணி வருதுன்னு சொல்லிரு."

"லாரி வரட்டும் சார், சொல்லிருதேன்."