வடமலையின் இடுப்புவலி காணாமல் போன கதை

கோணமங்கலத்துக்கு வழி தெரிந்தவர்கள் கோணமங்கலத்துக்காரர்கள் மட்டும்தான். அவர்களிடம் கேட்டால், "நாங்க இங்கேயேதானே இருக்கோம், எங்களுக்கு எதுக்கு வழி?" என்பார்கள்.

அந்த ஊரில் தாண்டவராயன் என்பவர் ஓர் அப்பளக் கம்பெனி நடத்தி வந்தார். கம்பெனி என்றால் இரண்டு ஓட்டு அறைகள், நடுவே அப்பளம் காயப்போட ஒரு முற்றம், அவ்வளவுதான். முதல் அறைக்குத் தலைவர் பிச்சாண்டி. இரண்டாம் அறைக்குத் தலைவர் வடமலை. வடமலையின் கீழே மூன்று பேர்: நிறைய யோசிக்கும் ஒச்சப்பன், எதற்கும் சந்தேகப்படும் கலியன், சொன்னதைச் செய்யும் தொப்ளான்.

காலையில் தரையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் குனிந்தபடியே அப்பளம் இடுவார்கள். இப்படிக் குனிந்து குனிந்து வடமலைக்கு இடுப்பில் தீராத வலி. எழுந்திருக்கும்போது ஒரு கை சுவரைப் பிடிக்கும், ஒரு கை இடுப்பைப் பிடிக்கும், வாய் "அப்பனே முருகா" என்னும். இந்த மூன்றும் ஒன்றாக நடந்தால்தான் அவர் எழுந்திருக்க முடியும்.

ஒரு சித்திரை மாதத்தில் டவுனிலிருந்து டாக்டர் மங்கையர்க்கரசி வந்தார். வேலை செய்யும் இடத்தில் ஆட்களுக்கு ஏன் உடம்பு கெடுகிறது என்று ஆராய்ச்சி செய்கிறவர். அன்றைக்கென்று பார்த்துக் கோடை மழை. இரண்டாம் அறையில் ஒரு தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதில் அவரை உட்கார வைத்தார்கள். ஓடு ஒழுகி அவர் தலைமேலேயே சொட்டியது. பக்கத்து வீட்டு அஞ்சலையின் ஆடு மழைக்கு ஒதுங்க உள்ளே புகுந்து உளுந்து மாவில் வாய் வைத்தது. அதைத் துரத்த வந்த முதலாளி தாண்டவராயன் ஈரத்தில் வழுக்கி விழுந்து, "அறிவு கெட்டவங்களா!" என்று கத்தினார். தொப்ளானின் ஒரு செருப்பு அன்றுதான் அறுந்திருந்தது. அதனால் அவன் ஒற்றைச் செருப்போடு நின்றான்.

டாக்டரம்மா எதையும் பெரிதுபடுத்தவில்லை. தலையைத் துடைத்துக்கொண்டு, "வலி எவ்வளவு இருக்கு?" என்று வடமலையிடம் கேட்டார்.

வடமலை கையை நீட்டி அளந்து பார்த்துவிட்டு, "ஒரு முழம் இருக்கும் டாக்டரம்மா. மழைக்காலத்திலே கொஞ்சம் நீளும்" என்றார்.

"நின்னுக்கிட்டே அப்பளம் இட உயரமான மேசை தரப்போறேன். முதல்லே ஒண்ணாம் அறைக்கு மட்டும். உங்க அறையிலே எதையும் மாத்தக் கூடாது. இன்னைக்கு எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். ஆடி முடிஞ்சதும் வந்து ரெண்டு அறையையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். மேசையாலே அவங்க வலி குறைஞ்சிருந்தா உங்களுக்கும் மேசை. புரிஞ்சுதா?"

புரிந்தது என்று நான்கு பேரும் தலையாட்டினார்கள். டாக்டரம்மா பஸ் ஏறிப் போய்விட்டார்.

அவர் போனதுமே கலியனுக்குச் சந்தேகம் வந்தது. "அண்ணே, மழை நின்னுடுச்சே!"

வடமலைக்குத் திக்கென்றது. மேலே பார்த்தார். ஒழுகல் நின்றிருந்தது. ஆட்டைக் காணோம். முதலாளி எழுந்து போய்விட்டார். டாக்டரம்மா போய்க் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் எல்லாமே மாறிக்கொண்டிருந்தது. உயரமான மேசை கண்ணெதிரே கையை விட்டு நழுவுவது போல இருந்தது அவருக்கு.

"இன்னைக்கு இருந்த மாதிரியே நாளைக்கும் இருக்க வைக்கணும். அதுதான் ஆராய்ச்சி" என்றான் ஒச்சப்பன்.

மறுநாள் வெயில் கொளுத்தியது. வடமலை ஒரு குடம் தண்ணீரைத் தோளில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். பொறுப்பான வேலை என்பதால் வேறு யாரையும் நம்பவில்லை.

"அண்ணே, நேத்து சொட்டுச் சொட்டாத்தானே விழுந்தது?" என்று கீழேயிருந்து கலியன் கேட்டான்.

"நேத்து ஊர் பூரா பெய்ஞ்சுதுடா. நாம ஒரு குடமாவது ஊத்தலேன்னா அது மழைக்கு மரியாதையா?" என்று சொல்லிவிட்டு வடமலை ஓட்டை விலக்கி ஊற்றினார்.

தகர டின்னில் டாக்டரம்மா இல்லையே என்பது அடுத்த கவலை. உமி மூட்டை ஒன்றை டின்மேல் உட்கார வைத்து, வெள்ளைத் துண்டைப் போர்த்தி, கழுத்தில் ஒரு ரப்பர் குழாயை மாட்டினார்கள். கலியன் அதன் முன்னால் போய் நின்று, தனக்கு நெஞ்செரிச்சல் இருப்பதையும் மாமியார் வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாததையும் விலாவாரியாகச் சொன்னான். மூட்டை குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

"அந்த டாக்டரம்மாவைவிட இவங்க நல்லாக் கேக்கறாங்கண்ணே" என்று கண்கலங்கத் திரும்பி வந்தான்.

"இருந்தாலும் அசல் அசல்தான். அன்னைக்கே கதவைச் சாத்தி அவங்களை உள்ளேயே வெச்சிருக்கணும். நாமதான் கோட்டை விட்டுட்டோம்" என்றார் வடமலை. முற்றத்தில் நின்ற பிச்சாண்டி இதைக் காதில் வாங்கிக்கொண்டான்.

அஞ்சலையிடம் கெஞ்சி ஆட்டைத் தினமும் ஓட்டி வந்தார்கள். வீட்டில் தழையும் புல்லும் தின்ற ஆட்டுக்கு உளுந்து மாவு பிடிக்கத்தான் செய்தது. பிடித்ததால் அது வெளியே போக மறுத்தது. முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வடமலை அதைத் துரத்தினார். தொப்ளான் புதுச் செருப்பு வாங்கி, அதில் ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு, இன்னொன்றைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே ஓடினான்.

இதெல்லாம்கூட எளிது. முதலாளியைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"முதலாளி, கொஞ்சம் உள்ளே வந்து ஒரு தடவை வழுக்கி விழுந்துட்டுப் போயிடுங்க" என்று வடமலை கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"என்னது?"

"பலமா விழ வேண்டாம் முதலாளி. அன்னைக்கு விழுந்த அளவுக்கு விழுந்தாப் போதும். டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

தாண்டவராயன் குடையை எடுத்துக்கொண்டு துரத்தினார். அறை வாசல் ஈரத்தில் கால் வைத்ததும் வழுக்கி விழுந்தார். விழுந்தவர், "அறிவு கெட்டவங்களா!" என்று கத்தினார். நான்கு பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "அதே வார்த்தை! ஒரு எழுத்துகூட மாறலே!" என்று நெகிழ்ந்துபோனான் ஒச்சப்பன்.

தினமும் இப்படியே நடந்தது. குடத்தோடு ஏணி ஏறுவது, ஆட்டைத் துரத்துவது, முதலாளியிடமிருந்து ஓடுவது. இடையில் நேரம் கிடைத்தால் அப்பளமும் இட்டார்கள்.

ஆனியில் ஒரு பெரிய ஆபத்து வந்தது. அஞ்சலையின் ஆடு இரண்டு குட்டி போட்டுவிட்டது.

"அன்னைக்கு ஒரு ஆடுதானே வந்தது? இப்போ மூணு ஆச்சே!" என்று தலையில் கைவைத்தார் வடமலை.

"அன்னைக்கும் மூணுதான் வந்துது. ரெண்டு உள்ளே இருந்துது" என்றான் ஒச்சப்பன். "எண்ணிக்கை மாறலே. இடம்தான் மாறியிருக்கு. பழைய இடத்துக்குக் கொண்டு போயிட்டா எல்லாம் சரியாப் போயிடும்."

பழைய இடத்துக்கு எப்படிக் கொண்டு போவது என்று நான்கு பேரும் யோசித்தார்கள். கடைசியில் ஒரு வேட்டியைத் தூளி மாதிரி ஆட்டின் வயிற்றுக்குக் கீழே கட்டி, குட்டிகளை அதற்குள் படுக்க வைத்தார்கள். பால் பக்கத்திலேயே இருந்ததால் குட்டிகள் ஒன்றும் சொல்லவில்லை.

அவர்கள் நிம்மதியாக மூச்சு விட்ட அந்த வாரத்தில்தான் அது நடந்தது. வடமலை ஒருநாள் காலையில் பாயிலிருந்து எழுந்தார். சுவரைப் பிடிக்கவில்லை. இடுப்பைப் பிடிக்கவில்லை. முருகனைக் கூப்பிடவில்லை. எழுந்து நின்ற பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அப்படியே வேர்த்துவிட்டது. கம்பெனிக்கு ஓடினார்.

"டேய், என் வலியைக் காணோம்டா!"

"நல்லாத் தேடிப் பாத்தீங்களா?" என்றான் கலியன்.

"குனிஞ்சு பாத்தேன், நிமிந்து பாத்தேன், எங்கேயும் இல்லே. ஒரு முழம் வலிடா! வலி இல்லேன்னா எல்லாம் மாறிப்போச்சுன்னு அர்த்தம். மாறிப்போச்சுன்னா மேசை கிடையாது. நான் சாகிற வரைக்கும் குனிஞ்சே கிடக்க வேண்டியதுதான்!" வடமலை மாவுச் சாக்கில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"அழாதீங்கண்ணே. கடைசியா எங்கே வெச்சு வலிச்சுது?" என்று கேட்டான் ஒச்சப்பன்.

"ஏணியிலே ஏறும்போது இருந்துது. இறங்கும்போது பாத்தேனா இல்லையான்னு ஞாபகம் இல்லே."

உடனே எல்லாரும் கூரைமேல் ஏறினார்கள். ஓடு ஓடாகப் புரட்டித் தேடினார்கள். ஒரு பல்லி முட்டையும், போன வருஷம் காக்காய் தூக்கிப்போன கரண்டியும் கிடைத்தன. வலி கிடைக்கவில்லை.

அப்போது முற்றத்தில், "அப்பனே முருகா" என்று ஒரு சத்தம். பிச்சாண்டி ஒரு கையால் சுவரையும் ஒரு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு நடந்து போனான்.

"அது என் வலிடா!" என்று கூரையிலிருந்து கத்தினார் வடமலை. "எனக்கு நல்லாத் தெரியும். அதே இடம், அதே முருகன்!"

நான்கு பேரும் இறங்கிப் பிச்சாண்டியை மடக்கினார்கள்.

"மரியாதையா அண்ணனோட வலியைக் குடுத்துடு" என்றான் கலியன்.

"எடுத்துக்கங்க சாமி, புண்ணியமாப் போகும்!" என்றான் பிச்சாண்டி. "உங்க கிட்டேயிருந்து வந்துதான்னு எனக்குத் தெரியாது. மேசை வந்த நாள்லேருந்து என் கிட்டே இருக்கு."

இரண்டு பேரையும் முதுகோடு முதுகாக ஒட்டி நிற்க வைத்து, துண்டால் இறுக்கிக் கட்டி, வலி இந்தப் பக்கம் இறங்கட்டும் என்று சாப்பாட்டு நேரம் வரைக்கும் காத்திருந்தார்கள். வலி நகரவில்லை. அதற்குப் பிச்சாண்டியின் இடம் பிடித்துப்போய்விட்டது.

ஆடி முடிந்து டாக்டரம்மா வந்தார். முதலில் இரண்டாம் அறைக்குப் போனார். டின்மேல் இருந்த மூட்டையை மரியாதையாக எழுப்பிவிட்டு அவரை உட்கார வைத்தார்கள். வடமலை பரிசோதனைக்கு நிற்க வேண்டியிருந்ததால் அன்று தொப்ளான் கூரைமேல் இருந்தான்.

"இப்போ வலி எப்படி இருக்கு?" என்று டாக்டரம்மா கேட்டு வாய் மூடவில்லை, மேலேயிருந்து ஒரு குடம் தண்ணீர் அப்படியே அவர் தலையில் இறங்கியது. வயிற்றில் தூளி கட்டிய ஆடு உள்ளே வந்தது. பின்னாலேயே முதலாளி வந்தார். இத்தனை மாதப் பழக்கத்தில், யாரும் சொல்லாமலே, வழுக்கி விழுந்தார்.

வடமலை டாக்டரம்மா முன்னால் கைகூப்பி நின்றார். "எல்லாம் அன்னைக்கு இருந்தபடியே இருக்கு டாக்டரம்மா. வலியை மட்டும் தொலைச்சுட்டேன். பத்திரமாத்தான் வெச்சிருந்தேன், இப்போ பிச்சாண்டி கிட்டே இருக்கு. என்னை மன்னிச்சு ஒரு மேசை குடுங்க."

புடவையைப் பிழிந்துகொண்டே டாக்டரம்மா முதல் அறைக்குப் போனார். எல்லாரும் பின்னாலேயே போனார்கள். அங்கே பளபளவென்று நான்கு மேசைகள். மேலே போர்த்தி வந்த பிளாஸ்டிக் தாள்கூடப் பிரிக்கப்படவில்லை. ஆட்களைக் காணோம். குனிந்து பார்த்தார். மேசைகளுக்கு அடியில் முழங்காலில் தலை இடிக்க ஆட்கள் உட்கார்ந்து அப்பளம் இட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்ப்பா அடியிலே உட்கார்ந்திருக்கீங்க?"

"மேலே மாவு பட்டா மேசை அழுக்காயிடுமே டாக்டரம்மா" என்று அடியிலிருந்து பிச்சாண்டி சொன்னான். "நீங்க ஆசையாக் குடுத்தது!"

டாக்டரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். அப்புறம் கர்சீப்பை எடுத்துத் தலையைத் துவட்டினார். படித்தவர், பொறுமைசாலி. முதலிலிருந்து மறுபடி தொடங்குவது என்று முடிவு செய்தார்.

"மேசையெல்லாம் ரெண்டாம் அறைக்குப் போகட்டும். வடமலை, பிளாஸ்டிக்கைப் பிரிச்சுட்டு, நின்னுக்கிட்டு, மேலேதான் அப்பளம் இடணும். அழுக்கானாத் துடைச்சுக்கலாம்."

வடமலைக்குத் தலைகால் புரியவில்லை. அவரே ஒரு மேசையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடினார். மற்ற மூன்றையும் மற்றவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள்.

டாக்டரம்மா பிச்சாண்டியின் பக்கம் திரும்பினார். இந்த முறை தவறு நடக்கக் கூடாது என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார். "ஆடு வேண்டாம். மழை வேண்டாம். முதலாளி விழ வேண்டாம். இந்த நிமிஷம் இந்த அறைக்குள்ளே என்ன இருக்கோ, அது மட்டும் அப்படியே இருக்கணும். நான் திரும்பி வர்ற வரைக்கும்."

பிச்சாண்டி அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தான். நான்கு பலகை, நான்கு குழவி, மாவுத் தவலை, நனைந்த டாக்டரம்மா. மனசுக்குள் சரிபார்த்துக்கொண்டு வெளியே வந்தான். கதவைச் சாத்தித் தாழ் போட்டான்.

இரண்டாம் அறையில் வடமலை நிமிர்ந்து நின்று வாழ்க்கையில் முதல் தடவையாக மேசைமேல் ஓர் அப்பளம் இட்டார். அது நிலா மாதிரி வட்டமாக வந்தது. பக்கத்து அறையிலிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"டாக்டரம்மா தட்டறாங்களே?" என்றான் கலியன்.

"இன்னைக்குத் தட்டினா நாளைக்கும் தட்டித்தான் ஆகணும். அவங்க வெச்ச சட்டம்தானே?" என்றான் ஒச்சப்பன்.

அப்போது பிச்சாண்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவசரமாக வாசலில் வந்து நின்றான்.

"வடமலை அண்ணே, அந்த ஏணியையும் குடத்தையும் கொஞ்சம் குடுங்க. சீக்கிரம். டாக்டரம்மா காய ஆரம்பிச்சுட்டாங்க."