எறும்பு தாண்டாத கோடு

கோவில்பட்டிப் பக்கம் ஒரு சர்பத் கம்பெனி. அங்கே கூட்டிப் பெருக்குகிறவள் செல்லக்கனி. அந்தச் சிவப்பு சர்பத்தை ஆசை ஆசையாய்க் குடித்த அவள் மகள் வயிற்றுவலியில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். முதலாளி தர்மலிங்கமோ, "உன் வீட்டுச் சோத்துலதான் கோளாறு" என்று கைகழுவிவிட்டார்.

அன்றைக்கு உணவு அதிகாரி சோதனைக்கு வருகிறார். அவருக்காக மேசையில் லட்டுத் தட்டு வைத்தால், எறும்புச் சாரை கிளம்பிவிட்டது.

முதலாளி கத்தினார். "ஏ செல்லக்கனி! ஒரு எறும்பு தட்டுகிட்ட வரக்கூடாது. மருந்து வாடையும் அடிக்கக்கூடாது. இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது!"

அதிகாரி வந்து உட்கார்ந்தார். தட்டைச் சுற்றிச் சிவப்பாய் ஒரு கோடு. எறும்புகள் அதுவரை வந்து திரும்பிப் போயின.

"அட, என்ன மருந்தும்மா இது?"

"மருந்தில்லய்யா. புள்ளைக குடிக்கிற நம்ம கம்பெனி சர்பத்துதான்."

உதட்டுக்குக் கொண்டுபோன சர்பத் கிளாஸை அதிகாரி கீழே வைத்தார். சாயங்காலமே கம்பெனிக்குச் சீல் விழுந்தது. செல்லக்கனியின் வேலையும் போயிற்று.

ஆஸ்பத்திரி வாசல் கடையில் ஒருவர், நோயாளிப் பிள்ளைக்கென்று அதே சிவப்பு பாட்டிலை வாங்கிக்கொண்டிருந்தார். செல்லக்கனி ஓடிப்போய்ப் பிடுங்கினாள்.

"பைத்தியமாடி நீ?" என்று அவர் கையை ஓங்கினார்.